எண்ணெய் போன வழி

பள்ளிபாளையத்தில் வளர்ந்தவனுக்கு எண்ணெய்க் கணக்கைத் தனியாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவாரங்காட்டிலும் ஒட்டமெத்தையிலும் வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஷிப்ட் மாறியதும் தறிக்காரர் முதலில் கையில் எடுப்பது ஆயில் கேனைத்தான். எண்ணெய் குறைந்தால் தறியின் சத்தம் மாறிவிடும். கூடினால் துணியில் கறை விழும். கறை விழுந்த பீஸை ஈரோட்டு வியாபாரி தொட மாட்டார். ஈரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடும் ஆற்றைத் தாண்டாமல் இந்தப் பக்கம் போனால் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரி லாரிகள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். எங்கே போனாலும் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆயில் எப்படிங்க, நிக்குதா?"

மாமாவின் பட்டறை சங்ககிரி ரோட்டில் இருந்தது. அம்மாவுக்கு நேர் தம்பி. லேலண்ட் காமெட் ஓடிய காலத்தில் ஸ்பேனர் பிடித்து, ஹினோ எஞ்சின்கள் வந்தபோது அவற்றையும் கற்றுக்கொண்டவர். படிப்பு எட்டாவது. ஆனால் பட்டறையில் தொங்கிய நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் இருந்தது. எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு ஆயில் ஊற்றினார்கள் என்பதை டிரைவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைப்பார். ரிக் வண்டியில் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சினுக்குக் கிலோமீட்டர் கிடையாது, அதற்கு மணிக்கணக்கு. கல்லூரி விடுமுறைகளில் அந்த நோட்டை எழுதுவது என் வேலை. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் சனி ஞாயிறுகளில் பட்டறைக்குப் போவதை நான் விடவில்லை.

2010களின் நடுவில் ஒரு நாள் அந்தப் பட்டறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இரண்டே இருக்கை. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், ஐரோப்பியத் தயாரிப்பு. வெப்படைப் பக்கம் நூல்மில் நடத்தும் குடும்பத்துப் பையன் பெங்களூரில் இரண்டாம் கையாக வாங்கியிருந்தான். தரையோடு ஒட்டிய அந்த வண்டி பட்டறை வாசலின் மேட்டில் ஏற மறுத்ததால் பலகை போட்டு உள்ளே ஏற்றினோம். பக்கத்தில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று ஹெட் கழற்றப்பட்டு நின்றிருந்தது.

"ஏனுங்ணா, ஆயில் குடிக்குதுங். மாசத்துக்கு ரெண்டு தடவ லைட் எரியுதுங்" என்றான் பையன்.

கோவையில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டு போயிருக்கிறான். முதல் முறை, "கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது, ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள்" என்றார்கள். அடுத்த முறை, "எஞ்சினையே மாற்ற வேண்டும்" என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தொகைக்குப் பள்ளிபாளையத்தில் நாலைந்து தறி போட்டுவிடலாம். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதற்கும் எல்லாவற்றையும் மாற்று என்பதற்கும் நடுவில் அவனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை ஆற்றாமையாக இருப்பது அதுதான். ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று ஒருவர்கூடத் தேடவில்லை.

அளவு என்று கையேட்டில் சொல்வது பொய்யில்லை. எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயில் எரிக்கத்தான் செய்யும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தே ஆக வேண்டும். அதில் ஒரு துளி எரிவதைத் தடுக்க முடியாது. ஐரோப்பியக் கார்களின் கையேடுகள் சிலவற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை போகலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பந்தயக் கார்களில் கணக்கே வேறு. ஃபார்முலா ஒன்றில் சில அணிகள் ஆயிலை எரிபொருளோடு சேர்த்து எரித்துச் சக்தியைக் கூட்டுகின்றன என்ற சந்தேகம் எழுந்து, 2018இல் நூறு கிலோமீட்டருக்கு 0.6 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர்! அதற்கு மேல் போன எஞ்சின்களும் இருந்ததால்தானே வரம்பு தேவைப்பட்டது. ஆனால் அந்த எஞ்சின்கள் சில பந்தயங்களோடு பிரித்துப் போடப்படுபவை. வெப்படையிலிருந்து ஈரோட்டுக்குப் போய்வரும் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

"கையேடு அரை லிட்டர்னு சொல்லுது. இது எவ்ளோ குடிக்குதுன்னு யாராவது அளந்தாங்களா?" என்று மாமா கேட்டார். பையன் டிக்கியைத் திறந்து காலி டப்பாக்களைக் காட்டினான்.

"டப்பா கணக்கு ஆவாதுங் தம்பி. பாதி ஊத்துனியா, முழுசா ஊத்துனியா, யாருக்குத் தெரியும்? வாயக் கண்டுபுடிக்காம வயித்த அறுக்கக் கூடாது."

மாமா அளந்த முறையை நான் வேறெந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து நூல் கோன் எடை போடும் எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்தார். கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஊற்றிய புது ஆயிலின் எடையை நோட்டில் எழுதினார். மூடியின் மேல் சிவப்பு மெழுகு உருக்கி ஊற்றினார். யாரும் நடுவில் திறந்து ஊற்றினால் தெரிந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வரச் சொல்லி, லைட் எரிந்தால் வேறு எங்கும் போகாமல் நேரே பட்டறைக்கு வர வேண்டும் என்றார். திரும்பி வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடைப்பைத் திறந்து, இரவு முழுக்க வடியவிட்டு, வடிந்ததை எடை போட்டார். ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 850 கிராம். குறைந்த எடையை 850ஆல் வகுத்தால் போன லிட்டர் கிடைத்துவிடும். டிப் ஸ்டிக்கில் பார்த்தால் வண்டி சாய்ந்து நின்றாலும் தப்பு, அணைத்தவுடன் பார்த்தாலும் தப்பு. இப்போது வரும் சில கார்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது, திரையில் ஒரு கோடு மட்டும்தான். எடைக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. எஞ்சின் தயாரிப்பவர்களின் சோதனைக்கூடங்களிலும் வடித்து எடை போடும் முறை உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். மாமா அதைப் படித்துச் செய்யவில்லை.

கணக்கு வந்தது: ஆயிரம் கிலோமீட்டருக்கு லிட்டருக்கும் மேல். கையேட்டு வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இனி வழி தேட வேண்டும். எஞ்சினிலிருந்து ஆயில் வெளியேற முக்கியமாக ஐந்து வழி உண்டு. வெளியே ஒழுகலாம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரியலாம். வால்வு தண்டின் வழியாக இறங்கி எரியலாம். டர்போவின் சீல் தேய்ந்து அதன் வழியாகப் போகலாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வழியாக, காற்றோடு காற்றாக உறிஞ்சப்படலாம். இந்த ஐந்தில் ரிங் தவிர மற்றவற்றை ஹெட்டைக் கழற்றாமலே சரிபார்த்துவிட முடியும் என்பார் மாமா.

ஒழுகலைப் பார்ப்பது எளிது. அடிப்பகுதியை டீசலால் கழுவி, காற்றடித்து உலர்த்தி, வால்வு கவர் ஓரம், கிராங்க் சீல் பக்கம் எல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால் எங்கே ஈரமோ அங்கே பவுடர் கறுத்திருக்கும். எதுவும் கறுக்கவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே விரலில் ஒட்டும் அளவு ஈரம். அவ்வளவு எந்த டர்போவிலும் இருக்கும். குட்டையாகத் தேங்கி நின்றால்தான் பயப்பட வேண்டும்.

பிரீதரில் கொஞ்சம் கிடைத்தது. இந்த மாதிரி எஞ்சின்களில் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்ப, மேலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் எஞ்சினின் உறிஞ்சல் நேரே உள்ளே போய் ஆயில் ஆவியை இழுத்துவிடும். சோதனை எளிது: எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, ஓட்டையின் மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். நல்ல எஞ்சினில் தாள் லேசாக ஒட்டிக்கொள்ளும். இந்தக் காரில் மூடியைத் திருகவே கை வலித்தது. தாள் உள்ளே போய்விடும்போல் இழுத்தது, கூடவே விசில் சத்தம். பெட்டியை மாற்றி மறுபடி எடை போட்டதில் கொஞ்சம் குறைந்தது. முக்கால் பங்கு அப்படியே இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டறைக்கு வந்துபோன லாரிக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு யோசனை தயாராக இருந்தது. "கெட்டி ஆயிலா ஊத்துங்க. இருபது நாப்பது போட்டா நின்னுக்கும்." வயதான டீசல் எஞ்சினை விற்கும்வரை ஓட்ட அது உதவும். இந்த எஞ்சினுக்கு அது கேடு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மெல்லிய ஆயில் சீக்கிரம் போய்ச் சேரும்; கெட்டி ஆயில் தாமதமாகும், அந்தச் சில விநாடிகள் செயின் தளர்ந்து அடிக்கும். எரிகிற ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சைலன்சரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் மெதுவாகக் கெடுக்கும். கையேடு சொன்ன தரத்தில் 5டபிள்யூ-40 மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம்.

வால்வு சீலைச் சோதிக்க மாமா தேர்ந்தெடுத்த இடம் திருச்செங்கோட்டு மலை. அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வண்டி போகும் மலைப்பாதை. இரண்டாம் கியரில், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சினுக்குள் உறிஞ்சல் உச்சத்துக்குப் போகும். வால்வு தண்டின் சீல் கெட்டிருந்தால் ஆயில் அந்த உறிஞ்சலில் இறங்கிச் சேர்ந்துவிடும்; கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கொத்து நீலப் புகை பின்னால் கிளம்பும். ரிங் கெட்டிருந்தால் இறக்கத்தில் அவ்வளவு தெரியாது, இழுவையில் தெரியும்.

மாலை நேரம். மேலிருந்து நான் ஓட்டி இறங்கினேன். அடிவாரத்தில் பாதை சமமாகும் இடத்தில் மாமா ரோட்டோரம் நின்றிருந்தார். வளைவு வளைவாக எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. பிரேக்கையும் தொடவில்லை. அவர் கையைக் காட்டியதும் முழுசாக மிதித்தேன். கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி ஓடி வந்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "வால்வு இல்ல கண்ணு. ஒரு பூ கூட வரல."

இருட்டிய பிறகு சங்ககிரி தாண்டி நெடுஞ்சாலையில் அடுத்த சோதனை. மாமா வேனில் பின்னால் வந்தார். மூன்றாம் கியரில் நான் நீளமாக இழுக்கும்போது பின்னாலிருந்து ஹெட்லைட் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பகலில் இந்தப் புகை யார் கண்ணுக்கும் தெரியாது; பெருமளவு கன்வெர்ட்டரே எரித்துவிடும். பின்னால் வரும் வெளிச்சத்தில் மட்டும் சன்னமாக நீலம் பூத்துத் தெரியும். டோல்கேட்டுக்கு முன்னால் இரண்டு வண்டியையும் நிறுத்தியபோது அவர் சொன்னது ஒரே சொல்: "ரிங்கு."

இங்கேதான் பையன் தகராறு பண்ணினான். கோவையில் கம்ப்ரஷன் பார்த்திருக்கிறார்கள். நாலு சிலிண்டரும் சமம், ரிங் அருமையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் கேஜ் வைத்துப் பார்த்தோம். நாலும் பன்னிரண்டு பார் பக்கத்தில் நின்றன. ஒரு ஸ்பூன் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி பார்த்தாலும் முள் நகரவில்லை. காற்று எங்கேயும் தப்பிக்கவில்லை என்பது உறுதி.

மாமா பெஞ்சில் கிடந்த ஒரு பழைய லேலண்ட் பிஸ்டனை எடுத்துக் காட்டினார். அதில் மேலேயுள்ள ரிங்குகள் காற்றைப் பிடிப்பவை. அடியில் இருப்பது ஆயில் ரிங். அதற்கும் கம்ப்ரஷனுக்கும் சம்பந்தமில்லை. அதன் வேலை சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்து, பிஸ்டனிலேயே போட்டிருக்கும் துளைகள் வழியாகக் கீழே திருப்பி அனுப்புவது. மேல் ரிங்குகள் நன்றாக இருந்து ஆயில் ரிங் மட்டும் ஒட்டிப்போனால் கம்ப்ரஷன் முழுசாக நிற்கும், இழுவையும் குறையாது, மைலேஜும் குறையாது. ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்ரஷன் நன்றாயிருக்கிறது, அதனால் ரிங்கில் குறையில்லை என்று எத்தனையோ பேரை இந்த ஒரு சோதனையை வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிளக்கைக் கழற்றி, போனில் மாட்டும் சின்ன கேமராவை உள்ளே விட்டேன். பிஸ்டனின் தலை முழுக்கக் கரி. ஓரத்தில் மட்டும் சுற்றிலும் பளபளவென்று கழுவிவிட்ட மாதிரி உலோகம் தெரிந்தது. கீழிருந்து ஏறும் ஆயில் அந்த ஓரத்தில் கரி படியவிடாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. நாலு சிலிண்டரிலும் அதே காட்சி.

அறுப்பதற்கு முன் இன்னும் ஒன்றைச் செய்து பார்த்தோம். கரி கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்குள் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அடுத்த நாள் கிராங்கைக் கையால் சுற்றி, எல்லாவற்றையும் வெளியேற்றி, ஆயில் மாற்றினோம். பழைய டீசல் எஞ்சினுக்கு மாமா இதையே மண்ணெண்ணெயில் செய்வார். சில நேரம் ஒட்டிய ரிங் விட்டுவிடும். இதில் எடைத் தராசு பெரிதாக அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

எஞ்சின் பிரிந்து, முதல் பிஸ்டன் கையில் வந்த நிமிடத்தை மறக்க முடியாது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன அலுமினியத் துண்டு. அவ்வளவு எடை குறைவு. ஆயில் ரிங் பள்ளத்துக்குள் கரியோடு கரியாக இறுகிப்போய், நகத்தால் தள்ளினாலும் அசையவில்லை. மாமா ரிங்கைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பிஸ்டனை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வடிதுளைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சமே வரவில்லை. ஒரு துளையில்கூட. பித்தளைக் கம்பியால் குத்திக் குத்தி ஒன்றைத் திறந்தபோது, ஊசி முனையளவு ஒளிப் புள்ளி வந்தது. பிறகு லேலண்ட் பிஸ்டனை அதே லைட்டுக்குப் பிடித்தார். தீக்குச்சி நுழையும் துளைகள், வட்டமாக. "இவ்ளோ சின்ன ஓட்ட வெச்சா எங்கிருந்து வடியும்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

அது ஏன் அப்படி என்பதைப் பிறகு நான் தேடிப் படித்தேன். எஞ்சினுக்குள் உராய்வில் வீணாகும் சக்தியில் கணிசமான பங்கு பிஸ்டன் ரிங்கினுடையது. ரிங் மெலிதாக, சுவரை அழுத்தும் விசை குறைவாக இருந்தால் உராய்வு குறையும். பெட்ரோல் மிச்சம், புகைச் சட்டமும் திருப்தி. அந்த அழுத்தம் குறைந்ததும் ஆயிலை வழிக்கும் வேலையும் தளர்கிறது. டர்போவின் சூட்டில் ரிங் பள்ளத்தில் தேங்கும் ஆயில் வெந்து கரியாகிறது. கரி துளையை அடைக்கிறது, அடைத்ததால் இன்னும் தேங்குகிறது. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்ற சொகுசும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெங்களூர் நெரிசலில் ஊர்ந்து, பின் பள்ளிபாளையம் பாலத்தில் ஊர்ந்த வண்டி அது. இது ஐரோப்பாவுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை விற்ற டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சினிலும் ஆயில் எரியும் புகார் எழுந்து, வாரண்டியை நீட்டி, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. சோதனைக்கு அங்கேயும் அளவுதான் ஆதாரம்: 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் போகிறதா என்று அளந்து பார்த்தார்கள்.

எண்ணெயை வேண்டுமென்றே எரித்த எஞ்சின்களும் உண்டு. முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்கள் ஆமணக்கெண்ணெயை மசகாகப் பயன்படுத்தின. பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே போய் விமானியின் முகத்தில் படியும். பழைய பந்தயக் கார்களும் ஆமணக்கெண்ணெயை நம்பின. எங்கள் அப்புச்சி வைக்கோல் கரியில் அதே எண்ணெயைக் குழைத்துத்தான் மாட்டு வண்டி அச்சுக்கு மை போடுவார். மஸ்தாவின் ஆர்எக்ஸ்-8 காரின் ரோட்டரி எஞ்சினில், சீல் தேயாமல் இருக்க எரியறைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைச் செலுத்தும் பம்ப் உண்டு. அதை வாங்குகிறவர் ஆயில் ஊற்றியே ஆக வேண்டும். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் ஆயில் குடிப்பதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வழியில், எவ்வளவு, ஏன் என்று தெரியாமல் குடிக்கவிடுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருத்திய வடிவில், அகலமான ஆயில் ரிங்கும் பெரிய வடிதுளைகளும் கொண்ட பிஸ்டன்கள் ஜெர்மனியிலிருந்து வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அந்த இடைவெளியில் பிளாக்கைப் பார்த்தோம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பிளாக் அலுமினியமாக இருக்கும், சுவரில் நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கும்; அதை நம் லேத்துப் பட்டறையில் தொட்டால் பூச்சு போய் பிளாக்கே வீண். இது வார்ப்பிரும்பு பிளாக். அதனால் பிழைத்தோம். சுவரில் தேய்மானமும் அளவுக்குள்ளேயே இருந்தது. போர் பண்ணத் தேவையில்லை, ஹோனிங் போதும்.

ரிக் கம்ப்ரசரின் சிலிண்டர்களை நாள்தோறும் ஹோனிங் போடும் ஒருவர் ஈரோட்டில் இருந்தார். கண்ணால் பார்த்தே சுவரின் கோடு எந்தக் கோணத்தில் விழுகிறது என்று சொல்லிவிடுவார். ஹோனிங் கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போகும்போது சுவரில் குறுக்குநெடுக்காக மெல்லிய கீறல்கள் விழ வேண்டும். அந்தக் கீறலில்தான் ஆயில் தங்கும். புது ரிங் அதில் உரசித்தான் தனக்குரிய இடத்தைப் பிடிக்கும். கோடு தட்டையாகப் படுத்தால் ஆயில் அதிகம் தங்கும், நிமிர்ந்தால் ஓடிவிடும். அவர் வெளிச்சத்தை உள்ளே விட்டு, பிளாக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, சுடுதண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைத்துத்தான் கொடுத்தார். ஹோனிங் தூசு மிச்சமிருந்தால் புது ரிங்கை முதல் நாளே தின்றுவிடும் என்றார்.

ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தோம். மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் திருப்பி வைத்தோம். கனெக்டிங் ராடு போல்ட்டுகள் ஒருமுறை இழுத்தால் நீண்டுவிடும் வகை என்பதால் புதுசு போட்டோம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. பிரீதரிலிருந்து வந்த ஆயில் ஆவி எல்லாம் அதன் முதுகில் கரியாகப் படிந்திருந்தது. மேலைநாட்டுப் பட்டறைகளில் அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்து அதை எடுப்பார்கள். நாங்கள் மரக்குச்சியாலும் கிளீனராலும் சுரண்டினோம். என் கைகளில் அந்தக் கறுப்பு வெகுநாள் இருந்தது.

புது ரிங் பழக வேண்டுமானால் மெதுவாக ஓட்டக்கூடாது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளும். அது இல்லாமல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கீறல்கள் மழுங்கி, ஆயில் மறுபடி ஏறும். குமாரபாளையத்திலிருந்து சங்ககிரிவரை நெடுஞ்சாலையில் இழுப்பதும் விடுவதுமாக ஓட்டினோம். ஆயிலைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றிவிட்டு, மறுபடி மெழுகு ஊற்றி, நூல் தராசில் எடை. குறைந்திருந்தது கையேட்டு வரம்பில் கால் பங்குகூட இல்லை. பையன் தராசின் எண்ணைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். கோவை எஸ்டிமேட்டில் சிறு பங்குதான் செலவு.

சில மாதங்கள் கழித்து அவன் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போனான். மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் பந்தயத்துக்குக் கொண்டுவந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது, 2003இல் திறந்தார்கள். அங்கிருந்து பையன் பதறிப் போன் போட்டான். "ஏனுங்ணா, மறுபடி ஆயில் எறங்கீருச்சுங்!"

மாமா பதறவில்லை. எத்தனை ஆர்பிஎம் என்று கேட்டார். வளைவுக்கு முன் காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைத்தாயா என்று கேட்டார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். ஆறாயிரத்துக்கு மேல் போய்த் திடுமென்று காலை எடுத்தால் உறிஞ்சலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அந்த ஓட்டத்துக்கு அது இயல்பு என்றார். எவ்வளவு குறைந்தது என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம், திரும்பி வந்ததும் வடித்து எடை போடலாம் என்றார். பிறகு நோட்டில் அந்தக் காரின் பக்கத்தைத் திருப்பச் சொல்லி, அன்றைய தேதியையும் 'செட்டிபாளையம் டிராக்' என்பதையும் என்னை எழுத வைத்துவிட்டு, காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த ஒரு ரிக் டிரைவரைக் கூப்பிட்டார்.